பச்சைப் பலகையும் பாதிப் பங்கும்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் உன் அப்பாவும் ஏரியும் படகும் சுகம். நாலாம் நம்பர் அறையின் குளியலறைக் குழாய் மட்டும் வழக்கம்போல அடைத்துக்கொண்டு கிடக்கிறது. அங்கே நீயும் மருமகளும் சுகமாக இருக்கிறீர்களா. அவளுக்கு இருமல் நின்றதா. ஈரத் தலையோடு அந்தக் குளிரில் வேலைக்கு ஓட வேண்டாம் என்று சொல், நான் சொன்னதாகச் சொல்லாதே, நீயே யோசித்துச் சொன்னதாகச் சொல், உனக்கும் ஒரு நல்ல பெயர் கிடைக்கட்டும். நீ ஒரு வாரமாகப் போன் அடிக்கிறாய், நான் எடுக்கவில்லை. போனுக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்கும் ஒன்றும் ஆகவில்லை. எடுத்தால் நீ பேசுவாய், பேசுவதற்கே உனக்குச் சம்பளம் தருகிறார்கள், நடுவில் புகுந்து ஒரு வார்த்தை சொல்ல யாராலும் முடியாது. கடிதம் என்றால் குறுக்கே பேச வழியில்லை, அதனால்தான் எழுதுகிறேன். உன் அப்பா ஏற்கெனவே உன்னிடம் கதை சொல்லியிருப்பார், அம்மாவுக்குத் திடீரென்று பிடிவாதம் வந்துவிட்டது, விடுதிக்கு வந்த நல்ல விலையை எட்டி உதைத்துவிட்டாள், நீயாவது புத்தி சொல் என்று. புத்தி சொல்வதற்கு முன்னால் நடந்தது என்ன என்று என் பக்கத்தையும் ஒரு தடவை கேட்டுக்கொள்.

இதையெல்லாம் ஆரம்பித்து வைத்த புண்ணியவான் நீதான். உன் சுற்றுலாக் கம்பெனியில் பொறுப்பான பயணமோ என்னவோ, அந்தப் பிரிவுக்கு நீ தலைவன் ஆனாய், சந்தோஷம். இனிமேல் பச்சைச் சான்றிதழ் இருக்கிற விடுதிகளுக்கு மட்டும்தான் ஆட்களை அனுப்புவோம் என்று அறிவித்தாய், அதுவும் சந்தோஷம். அன்றைக்கு எனக்குப் போன் போட்டு, "நம்ம விடுதிங்கிறதுக்காக விதியைத் தளர்த்த முடியாதும்மா, நாலு பேர் என்ன சொல்வாங்க" என்றாய். பெற்ற வயிறு குளிர்ந்தது, கூடவே கொஞ்சம் எரியவும் செய்தது. நம்மிடம் வந்து தங்குகிறவர்களில் பாதிப் பேர் உன் கம்பெனி அனுப்புகிறவர்கள். அவர்கள் வராவிட்டால் அறைகளைப் பூட்டிவிட்டு நானும் உன் அப்பாவும் முறைவைத்து ஒவ்வொரு அறையிலும் தூங்க வேண்டியதுதான். உன் அப்பா அன்றைக்கே முடிவு செய்துவிட்டார், சான்றிதழ் கிடைத்தால் நடத்துவோம், கிடைக்காவிட்டால் பக்கத்து ஓட்டல்காரருக்கு விற்றுவிடுவோம் என்று. அவரைத்தான் உனக்குத் தெரியுமே, நாலு பக்கமும் கண்ணாடி வைத்துக் கட்டியிருக்கிறாரே, நம் கண்ணாடிக்காரர், பல வருஷமாக நம் இடத்தின் மேல் ஒரு கண். பார்க்கும்போதெல்லாம், இந்த வயசுல உங்களுக்கு எதுக்குங்க கஷ்டம் என்று கேட்பார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. உன் அப்பாவுக்கு அந்த அழுகை உருக்கமாக இருக்கும். நான் மட்டும் விற்கவே கூடாது என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டு வைத்திருந்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை, ஏனென்றால் என்னை யாரும் கேட்கவில்லை.

அப்புறம் உன் அப்பா சோதனைக்குத் தயாரான அழகைச் சொல்ல வேண்டும். பச்சைச் சான்றிதழ் என்றால் பச்சையாக இருக்க வேண்டும் என்று முதலில் பெயின்டரைக் கூப்பிட்டார். வாசல் கதவு, படகு, சைக்கிள் நிறுத்துகிற கொட்டகை எல்லாம் பச்சை. பூனை தப்பித்து ஓடியது. பூந்தொட்டிகளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்து நடைபாதை முழுக்க வரிசையாக வைத்தார், இரண்டு நாள் வாடகை, மூன்றாம் நாள் பூவெல்லாம் லாரி ஏறிப் போய்விடும். பிளாஸ்டிக்கைத் தவிர்ப்போம் என்று எழுதி, அதைப் பிளாஸ்டிக்கில் லேமினேட் செய்து அறைக்கு ஒன்றாக மாட்டினார். அத்தோடு விட்டாரா. குளித்த தண்ணீரைச் செடிக்குத் திருப்பிவிட நான் வைத்திருக்கிற டிரம்களைப் பின்னால் கொட்டகைக்குள் உருட்டித் தள்ளினார். ஒட்டுப் போட்ட படுக்கை விரிப்புகளை மூட்டை கட்டி மறைத்தார். மொட்டை மாடியில் துணி காயப் போடுகிற கொடிகளை அவிழ்த்துவிட்டு, கரண்ட்டில் துணி காய வைக்கிற மெஷினை வாடகைக்குக் கொண்டுவந்து வைத்தார். துடுப்புப் படகைப் பார்த்தால் தரித்திரமாகத் தெரிகிறது என்று அதற்கு ஒரு மோட்டார், அதுவும் இரவல். ஏன் இப்படி என்று கேட்டதற்கு, "உன் கஞ்சத்தனத்தையெல்லாம் வர்றவங்க பாத்தா மானம் போயிடும்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து என் சிக்கனத்துக்கு அவர் வைத்திருக்கிற பெயர் அதுதான். பழைய விரிப்பைக் கிழித்துத் தலையணை உறை தைத்தால் கஞ்சம், யாரும் இல்லாத அறையில் விளக்கை அணைத்தால் கஞ்சம். சரி, ஆம்பிளை மானம் பெரிசு என்று நான் என் வேலையைப் பார்க்கப் போனேன்.

சோதனைக்கு வந்தவள் ஒரு சின்னப் பெண். உன்னைவிடச் சின்னவள். தோளில் ஒரு துணிப்பை, கையில் ஒரு தண்ணீர்ப் புட்டி, காலில் தேய்ந்த செருப்பு. கோட்டுப் போட்ட நாலு பேர் காரில் வந்து இறங்குவார்கள் என்று காத்திருந்த உன் அப்பாவுக்கு முகம் தொங்கிவிட்டது. அவர் வாசலில் நின்று பூந்தொட்டிகளைக் காட்ட, அவள் சிரித்துக்கொண்டே, "முன்பக்கம் எல்லாரும் நல்லாத்தான் சார் வெச்சிருக்காங்க, பின்பக்கத்திலேர்ந்து ஆரம்பிக்கலாமா" என்று கேட்டுவிட்டு நேரே கொட்டகைக்குப் போய்விட்டாள். வெயில் மண்டையைப் பிளக்கிறது, உள்ளே மெஷின் ஓடித் துணியைக் காய வைக்கிறது. அவள் வெயிலைப் பார்த்தாள், மெஷினைப் பார்த்தாள், உன் அப்பாவைப் பார்த்தாள். அவர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். படகு மோட்டாரிலிருந்து எண்ணெய் ஒழுகித் தண்ணீர் மேல் வானவில் மாதிரி மிதந்தது. இது எப்போதிருந்து இருக்கிறது என்று படகுக்காரரைக் கேட்டாள். அந்த மனுஷனுக்குப் பொய் சொல்லப் பழக்கம் இல்லை, யாரும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. "நேத்து சாயங்காலம் வந்துச்சும்மா, நாளைக்குப் போயிடும்" என்றார்.

பிறகு டிரம்களைக் கண்டுபிடித்தாள். ஒட்டுப் போட்ட விரிப்பு மூட்டையைப் பிரித்தாள். யார் வேலை இது என்று கேட்டாள். என்னைக் காட்டிக்கொடுக்கப் போகிறார் என்று நான் நினைக்க, அவள் முகத்தில் திட்டு இல்லை, பாராட்டு இருக்கிறது என்பதை உன் அப்பா மோப்பம் பிடித்துவிட்டார். "அதெல்லாம் நம்ம விடுதியோட கொள்கைங்க, ஆரம்பத்திலேர்ந்தே நாங்க இதுல ரொம்பக் கண்டிப்பு" என்றார். பார்த்துக்கொள் தம்பி, காலையில் கஞ்சத்தனமாக இருந்தது மத்தியானம் கொள்கையாகிவிட்டது. எனக்குச் சிரிப்பை அடக்குவதே பெரிய வேலையாக இருந்தது. ஆனால் எல்லாவற்றிலும் எனக்கே மாலை விழவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். துணி துவைக்கிற சோப்புத் தண்ணீர் நேரே ஏரிக்குப் போகிறது என்று அந்தப் பெண் குழாயைப் பிடித்துக்கொண்டே நடந்துபோய்க் காட்டினாள். அத்தனை பெரிய ஏரிக்கு இந்தத் தண்ணீர் எம்மாத்திரம் என்றேன். கரையில் இருக்கிற எல்லா விடுதிக்காரர்களும் இதையேதான் சொல்கிறார்கள் என்றாள். இப்போது பின்னால் கல்லும் மணலும் போட்டு ஒரு உறிஞ்சு குழி வெட்டியாகிவிட்டது, சோப்புத் தண்ணீரெல்லாம் அதில்தான் இறங்குகிறது. குனிந்து குனிந்து பார்த்து என் இடுப்புதான் போயிற்று.

மத்தியானத்துக்கு மேல் வேலை செய்கிறவர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினாள், உன் அப்பாவைப் பக்கத்திலேயே விடவில்லை. சம்பளம் சொன்ன நாளில் வருகிறதா, வார விடுமுறை உண்டா, அடிபட்டால் யார் பார்ப்பார்கள் என்றெல்லாம் கேட்டாளாம். நீ அனுப்பிய மாதிரியை வைத்து அப்பா எல்லோருக்கும் ஒப்பந்தம் எழுதி வைத்திருந்தார், அந்த மட்டுக்கும் புண்ணியம். அறை பெருக்குகிற அக்கா, கடுமையான பினாயிலில் கை வெந்துபோவதை அவளிடம் காட்டியிருக்கிறாள். என்னிடம் ஒரு நாள்கூடச் சொன்னதில்லை, நானும் கையைப் பார்த்ததில்லை. இப்போது கையுறை வந்துவிட்டது, பினாயிலும் மாறிவிட்டது. கடைசியில் அந்தப் பெண் துணி அடுக்குகிற அறைக்கு என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். நீங்கள் இங்கே என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டாள். "வேலையெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, நான் சும்மா வீட்டிலதான் இருக்கேன்" என்றேன். நாம் எல்லோரும் சொல்வதுதானே. அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு, "காலையிலேர்ந்து பாத்துட்டுதான் இருக்கேன்மா. ரூம் சாவி குடுத்தீங்க, போன்ல புக்கிங் எடுத்தீங்க, கேஸ்காரரைத் திட்டுனீங்க, நாலாம் நம்பர்ல அடைப்பு எடுத்தீங்க, இப்ப துணி அடுக்குறீங்க. சும்மா இருக்கறவங்களே இவ்வளவு செஞ்சா எப்படி" என்றாள். அப்படியென்றால் முதலாளி என்று எழுதிக்கொள் என்றேன். பத்திரம் யார் பெயரில் என்று கேட்டாள். உன் அப்பா பெயரில். பாங்க் கணக்கு. அதுவும் அப்பா. சரி, வேலை செய்கிறவர் என்றால் உங்கள் ஒப்பந்தம் எங்கே, உங்களுக்கு வார விடுமுறை எந்த நாள் என்று கேட்டாள். எனக்கு விடுமுறை நாள் எது என்று யோசித்தேன் தம்பி, உண்மையாகவே யோசித்தேன், நீ பிறந்தபோது ஆஸ்பத்திரியில் படுத்திருந்ததுதான் ஞாபகம் வந்தது.

இரவல் சாமான்களை அனுப்பிவிட்டு, சோப்புத் தண்ணீருக்கு ஒரு குழியும் வெட்டிவிட்டால் எல்லாவற்றிலும் தேறிவிடுவோம், ஒன்றே ஒன்றைத் தவிர என்று போகும்போது சொன்னாள். இந்த விடுதியில் முதலாளியாகவும் இல்லாமல் தொழிலாளியாகவும் இல்லாமல் ஒருவர் முழு நேரம் வேலை செய்கிறார், அவர் யார் என்பதைச் சரி செய்து அனுப்புங்கள், சான்றிதழ் வரும், அதுவரை வராது என்றாள். உன் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். பொண்டாட்டிக்கு என்னங்க ஒப்பந்தம் என்றார். அவள் சிரிக்கவில்லை. நல்ல பெண், யார் பெற்ற பிள்ளையோ.

இரண்டு நாள் கழித்து உன் அப்பா சாப்பாட்டு மேசையில் ஒரு கவரை வைத்தார். ஏதோ பிறந்த நாளுக்குக் கொடுக்கிற மாதிரி முகத்தில் அத்தனை களை. பிரித்துப் பார்த்தால் எனக்கு அப்பாயின்ட்மென்ட் ஆர்டர். அறைப் பராமரிப்பு மற்றும் பொது உதவியாளர். முதல் ஆறு மாதம் ப்ரொபேஷன், வேலை திருப்தியாக இருந்தால் நிரந்தரம். ஒழுங்கீனமாக நடந்துகொண்டால் முன்னறிவிப்பு இல்லாமல் நீக்கப்படுவார். கீழே நிர்வாகி என்று அவர் கையெழுத்து, பக்கத்தில் எனக்கு இடம் விட்டிருந்தார். மாதிரியில் இருந்ததை அப்படியே அடித்திருக்கிறார், வேண்டுமென்று செய்யவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன், இந்த வீட்டுக்கு வந்து இத்தனை வருஷத்தில் அழக்கூடாது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்ட நாட்கள் உண்டு, அன்றைக்குக் கடிக்க முடியவில்லை. எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். தண்ணீர் வீணாகிறது என்று உடனே மூடிவிட்டேன், கொள்கை இருக்கிறதே.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து சொன்னேன், என்னை வேலைக்காரி என்று எழுத வேண்டாம், இடத்தில் பாதியை என் பேருக்கு எழுதுங்கள், அப்போது முதலாளி என்று நானே கையெழுத்துப் போடுகிறேன் என்று. அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அது எங்கப்பா வாங்குன எடம்" என்றார். வாஸ்தவம், உன் தாத்தா வாங்கினார், வெறும் புல் முளைத்த மேட்டை வாங்கினார். அதில் அறை எழும்பியது, ஆட்கள் வந்தது, வந்தவர்கள் மறுபடி வந்தது எல்லாம் புல் தானாக முளைத்த மாதிரி முளைத்தது போலிருக்கிறது. அவர் உனக்குப் போன் போட்டார். நீ எனக்குப் போன் போட்டாய்.

இதுவரைக்கும் விளையாட்டாக எழுதிக்கொண்டு வந்தேன், இனிமேல் கொஞ்சம் உட்கார்ந்து படி. நீ சொன்னது எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. "பேப்பர்ல என்னம்மா இருக்கு, எல்லாம் நம்மளுதுதானே, அப்பா சொல்ற மாதிரி வேலை பாக்கறவங்கன்னே போட்டுக் கையெழுத்துப் போட்டுடுங்க, ஃபைல் முடிஞ்சிடும்" என்றாய். அந்த மாதம்தான் நீ மேடையில் நின்று பேசுகிற படத்தை மருமகள் அனுப்பியிருந்தாள், உனக்குப் பின்னால் பெரிய எழுத்தில் பெண்களின் கண்ணுக்குத் தெரியாத உழைப்பு என்று எழுதியிருந்தது. அதைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் காட்டியிருந்தேன், என் பிள்ளை பார், என்ன மாதிரிப் பேசுகிறான் என்று. ஊருக்குத்தான் உபதேசம் என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள். பேப்பரில் ஒன்றுமில்லை என்றால் உன் கம்பெனி ஏன் ராசா பேப்பர் கேட்கிறது. எனக்கு உன் அப்பா மேல் வந்த கோபத்தைவிட உன் மேல் வந்த வருத்தம் பெரியது. அவர் அப்படி வளர்ந்தவர். நீ நான் வளர்த்தவன்.

சரி, அதற்கு மேல் நான் என்ன செய்தேன் தெரியுமா. சண்டை போடவில்லை, பட்டினி கிடக்கவில்லை, உன் மாமா வீட்டுக்குப் பெட்டி தூக்கவும் இல்லை. யோசித்துப் பார்த்தேன், நான் முதலாளி இல்லை, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாததால் வேலைக்காரியும் இல்லை. ஒரு விடுதியில் இந்த இரண்டும் இல்லாமல் மிச்சம் இருக்கிறது யார், விருந்தாளிதானே. மாற்றுத் துணி நாலை எடுத்துக்கொண்டு முன்வாசலுக்குப் போனேன், வருகைப் பதிவில் என் பெயரை எழுதினேன், ஏரியைப் பார்த்திருக்கிற ஏழாம் நம்பர் அறைச் சாவியை எடுத்துக்கொண்டேன். அந்த அறையை நான் எத்தனை தடவை பெருக்கியிருப்பேன், ஜன்னல் பக்கத்து நாற்காலியில் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தால் ஏரி அப்படியே காலடிக்கு வருகிற மாதிரி இருக்கிறது, இதற்குத்தான் இத்தனை தூரத்திலிருந்து ஆட்கள் வருகிறார்களா என்று அன்றைக்குத்தான் புரிந்தது. மணியை அடித்தேன். காப்பி கேட்டேன். கொண்டுவந்தவர் உன் அப்பா. சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்று பணிவாகத் தெரிவித்தேன்.

முதல் நாள் அவர் சிரித்துக்கொண்டு சமாளித்தார், கிறுக்குப் பிடித்திருக்கிறது, தானாக இறங்கிவிடும் என்று அறை பெருக்குகிற அக்காவிடம் சொல்லியிருக்கிறார். அடுத்த நாள் ஒரே அறையை இரண்டு குடும்பங்களுக்குக் கொடுத்துவிட்டார். சலவைக்குப் போக வேண்டிய மூட்டை அலமாரிக்கும் அலமாரியில் இருந்தது சலவைக்கும் போயின. நாலாம் நம்பரில் தண்ணீர் வெளியே வந்து நடைபாதையில் உலாவியது. அங்கே தங்கியிருந்த ஆசிரியர் தம்பதி பாவம், காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, என் அறையைப் பெருக்கும் சாக்கில் வந்து எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டுப் போவாள், பெருக்கு நிறைய, குப்பை இல்லை. நான் மட்டும் போய்க் குழாயைத் தொடக்கூடாது என்று கையைக் கட்டிப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த கஷ்டம் எனக்குத்தான் தெரியும். கை அரித்தது. ஒரு சாயங்காலம் என் கதவைத் தட்டினார், உள்ளே வரலாமா என்று கேட்டார். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் கதவு தட்டி நான் பார்த்ததில்லை. சட்டையெல்லாம் ஈரம். "அந்த அடைப்பை எப்படித்தான் எடுப்பே" என்று கேட்டார். அது ப்ரொபேஷனில் இருக்கிறவர்களுக்குத் தெரியாது என்றேன். கொஞ்ச நேரம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். ஏரியைப் பார்த்தார். இந்த அறை நல்லாத்தான் இருக்குது என்றார். நான் ஆமாம் என்றேன். எழுந்து போய்விட்டார்.

அந்த வாரமே பத்திரப் பதிவு ஆபீசுக்குப் போய்ப் பாதியை என் பேருக்கு எழுதினார். ஞானோதயம் வந்து எழுதினார் என்று நான் ஜோடிக்க மாட்டேன். குழாய்க்குப் பயந்து எழுதினார், சான்றிதழுக்குப் பயந்து எழுதினார், விட்டால் ஏழாம் நம்பர் அறையை வருஷம் முழுக்கப் பிடித்துக்கொள்வேன் என்று பயந்து எழுதினார். என்ன பயமோ, எழுதினாரே. கையெழுத்துப் போட்ட இடத்தில் குமாஸ்தா என்னைப் பார்த்து, வீட்டம்மாவா என்று கேட்டார், பங்குதாரர் என்று உன் அப்பாவே சொன்னார், கொஞ்சம் முணுமுணுப்பாகத்தான், ஆனால் சொன்னார். சான்றிதழ் வந்தது, வாசலில் பச்சைப் பலகை தொங்குகிறது, தினமும் காலையில் துணி எடுத்துத் துடைக்கிறார். வருகிறவர்களில் பத்தில் ஒருவர்கூட அதை நிமிர்ந்து பார்ப்பதில்லை, இங்கே வைஃபை வருமா என்றுதான் கேட்கிறார்கள். கண்ணாடிக்காரருக்குச் சான்றிதழ் கிடைக்கவில்லை. அந்தப் பெண் அவர் ஓட்டலின் கழிவுத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டிருக்கிறாள், அவர் ஜூஸ் கொடுத்திருக்கிறார், அவள் ஜூஸ் வேண்டாம், குழாயைக் காட்டுங்கள் என்றிருக்கிறாள். உடனே அவர் நம்முடையதைவிட இரண்டு மடங்கு பெரிதாக ஒரு பச்சைப் பலகையைத் தானே செய்து மாட்டிக்கொண்டார். அந்தப் பலகைக்கு உன் கம்பெனி அசையவில்லை, அதற்கு உனக்கு ஒரு சபாஷ்.

அதற்கப்புறம்தான் கண்ணாடிக்காரர் வக்கீலைக் கூட்டிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார். இந்தத் தடவை அழுகை இல்லை, சொன்ன விலை முன்பு சொன்னதைவிட எவ்வளவோ கூட. தானாக வாங்க முடியாத சான்றிதழை விடுதியோடு சேர்த்து வாங்கிவிடலாம் என்று கணக்கு. உன் அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. உடம்பு முடியவில்லை, முழங்கால் நோகிறது, பையனோடு போய் இருந்துவிடலாம், அவனும் வரச் சொல்லிக்கொண்டே இருக்கிறான் என்றெல்லாம் அவர்கள் முன்னாலேயே சொன்னார். பொய்யில்லை, முழங்கால் நோகத்தான் செய்கிறது. எனக்கும் நோகிறது. வக்கீல் காகிதத்தை விரித்தார், பேனாவை உன் அப்பா கையில் கொடுத்தார், அவரும் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அப்போதுதான் வக்கீல் கூடவே கொண்டுவந்த பத்திர நகலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அம்மாவோட கையெழுத்தும் வேணுங்களே என்றார். அந்த ஒரு நிமிஷம் மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள் பார், அப்படி ஒரு பார்வை இந்த வீட்டில் என்னை யாரும் பார்த்ததில்லை. நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு போக வந்தவள், அப்படியே கீழே வைத்தேன். "நாளைக்கு எனக்கு வார லீவு. நாளன்னைக்கு நல்லா யோசிச்சுப் பாத்துட்டு முடியாதுன்னு சொல்றேன்" என்றேன்.

அதற்குத்தான் உன் அப்பா உனக்குப் போன் போட்டார், அதற்குத்தான் நீ ஒரு வாரமாக எனக்கு அடிக்கிறாய். இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் படகுக்காரரோடு உட்கார்ந்து துடுப்புக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். முழங்காலுக்குக் கட்டுப் போட்டுவிட்டேன். இந்த வருஷம் கூட ஒரு ஆளை வைத்துக்கொள்ளலாம், நாம் இரண்டு பேரும் கொஞ்சம் உட்காரலாம் என்றேன். பார்க்கலாம் என்றார். அவர் பார்க்கலாம் என்றால் பாதி சம்மதம், மீதிப் பாதிதான் என்னிடம் இருக்கிறதே.

இந்தச் சான்றிதழால் உண்மையில் ஏதாவது பிரயோஜனம் உண்டா என்று கட்டுரை எழுதுவதற்காக நீ ஒரு தடவை என்னைக் கேட்டாய், நான் அப்போது பதில் சொல்லவில்லை. இப்போது எழுதிக்கொள். பெயின்ட், பூந்தொட்டி, லேமினேட் செய்த பலகை எல்லாம் வெறும் கூத்து. ஆனால் யாரோ ஒரு வெளியாள் வீட்டுக்குள் வந்து, நீங்கள் இங்கே யார் என்று என்னைக் கேட்டாள். கட்டின புருஷனும் கேட்கவில்லை, பெற்ற பிள்ளையும் கேட்கவில்லை. உன் கட்டுரையில் இதைப் போடுவாயோ மாட்டாயோ, அது உன் பாடு.

நீயும் மருமகளும் நூறு வயது நோய் நொடி இல்லாமல் ஒற்றுமையாக இருக்க வேண்டும், அம்மாவின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. நேரத்துக்குச் சாப்பிடு, போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்காதே. எனக்கு இப்போது வருஷ லீவும் இருக்கிறது, சீசன் முடிந்ததும் அங்கே வந்து இரண்டு வாரம் இருப்பேன், அப்பாவும் வருவார், வராவிட்டால் நாலாம் நம்பரைக் காவல் காக்கட்டும். வருவதற்குள் ஒரே ஒரு காரியம் செய்து வை. நீங்கள் இரண்டு பேரும் சம்பாதித்து அங்கே வாங்கின வீட்டின் பத்திரத்தில் மருமகள் பெயர் இருக்கிறதா என்று எடுத்துப் பார். அவள் ஒன்றும் என்னைக் கேட்கச் சொல்லவில்லை. அவள் கேட்க மாட்டாள், அவளைக் கேட்டால், பேப்பரில் என்ன அத்தை இருக்கிறது என்றுதான் சொல்வாள். இருந்தால் நல்லது, நான் உன்னைப் பற்றித் தப்பாக நினைத்ததற்கு வந்ததும் மன்னிப்புக் கேட்கிறேன். இல்லாவிட்டால் எழுதி வை, நான் வந்து இறங்குகிற அன்றைக்கு முதலில் அதைத்தான் கேட்பேன், காப்பி அப்புறம்.

இப்படிக்கு,
உன் அம்மா.

(கடிதத்தில் தானும் கையெழுத்துப் போட வேண்டும் என்று அப்பா பேனாவோடு பக்கத்தில் நிற்கிறார். இதற்கு ஒரு கையெழுத்து போதும் என்று சொல்லிவிட்டேன்.)